நான்காம் வேற்றுமை

2024 நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்தேகால் மணி. முதல்நாள் பிடித்த மழை விடுவதாயில்லை. கொழும்பு பொரளையில் ஒரு மருத்துவமனையின் தனியறை வாசலில் நின்று, சுபோதினி தன் தகப்பனின் பொருள்களைப் பையொன்றினுள் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சோடி செருப்பு. மூக்குக் கண்ணாடி. பாதி தேய்ந்த சிவப்புப் பென்சில். அறைக்குள்ளே கனகசபாபதி வெள்ளைத் துணியின் கீழ்க் கிடந்தார். அன்று விடியற்புறம் அவர் இறந்திருந்தார்.

"பொடி எக்க ஸீல் கரன்ன ஓனே, மிஸ்," என்றாள் தாதி சிங்களத்தில், குரலைத் தாழ்த்தி.

உடலைப் பைக்குள் இட்டு மூடிவிடவேண்டும். மூடியதை எவரும் திறக்கக்கூடாது. கோப்பில் தொற்று என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லைக் கண்டதும் கொவிட் காலத்து ஒழுங்கு தானாகவே எழுந்து வந்து நின்றுவிட்டது.

நடைக்கூடத்தில் ஹெக்டர் காத்திருந்தார். கொட்டாஞ்சேனையில் சவப்பெட்டிக் கடை வைத்திருப்பவர். வண்டியும் பெட்டியும் கீழே நின்றன.

"ஸீல் வெச்சா வெச்சதுதான், மிஸ். அதுக்குப் பொறகு எங்கட பொடியங்க கிட்டயும் வரமாட்டாங்க. பேய்க்குப் பயமில்லாத பயலுகள், இந்தத் தொற்று எண்ட சொல்லுக்கு ஓடுவாங்க. பெரிய டொக்டர் கையெழுத்து வெச்ச ஒரு கடிதம் எடுத்துத் தாங்க, மிச்சத்த நான் பாக்கிறன்."

வெள்ளவத்தையிலிருந்து தாயின் அழைப்பு மூன்றாம் முறையாக வந்தது. நேசமலர் அழவில்லை. குரல் அடுப்படியில் நின்று கதைப்பது போலவே இருந்தது.

"பிள்ளை, ஒரு மாசமா அந்த மனிசனை எல்லாரும் உறை போட்ட கையாலைதான் தொட்டவை. நானும்தான். வீட்டை கொண்டு வா. அரப்பு வைச்சு, முழுகவாத்து, என்ரை வெறுங்கையாலை ஒருக்கா அவற்றை நெத்தியிலை திருநீறு பூசவேணும். பொதி கட்டித் தாற சாமான் எண்டால் எனக்கு வேண்டாம்."

"டொக்டரிட்டைக் கேட்டிருக்கிறன், அம்மா."

"எந்த டொக்டர்? அந்த மருதானைப் பிள்ளையோ?"

"ஓம்."

"அப்ப அவ செய்து தருவா," என்று சொல்லி நேசமலர் வைத்துவிட்டாள்.

மருதானைப் பிள்ளை என்பது டொக்டர் ஹிபா; கிருமிகளை ஆராயும் பிரிவின் பொறுப்பாளர். காலையில் சுபோதினி கேட்டபோது, அவருடைய முகக்கவசத்துக்கு மேலே கண்கள் ஒருகணம் வேறெங்கோ போய் வந்தன.

"கொவிட் நேரம் எங்கட வாப்பாட மொகத்த நாங்க கடைசியா பாக்கல்ல," என்றார். "கொஞ்சம் நில்லுங்க. நான் பணிப்பாளரோட பேசிட்டு வாறன்."

போனவர் இன்னும் திரும்பவில்லை.

கனகசபாபதி அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கல்யாண அழைப்பிதழ் வந்தாலும் பிழை திருத்த முதலில் பென்சிலைத் தேடி, அதன் பின்னரே கண்ணாடியைத் தேடுவார். குடலில் செய்த சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது. பிறகு காய்ச்சல் வந்தது. கழுத்து நாளத்தில் செருகிய குழாயின் வழியே ஒரு பங்கசு, ஒருவகைப் பூஞ்சை, இரத்தத்தில் ஏறியிருந்தது. அதை விளக்க வந்த ஹிபா ஆங்கிலத்தில் தொடங்கியபோது, அவர் கையை உயர்த்தினார்.

"வருத்தக்காரன் தமிழன். தமிழிலை சொல்லுங்கோ, பிள்ளை."

மருத்துவத்தை ஆங்கிலத்தில் மட்டுமே படித்த ஹிபா, அன்றிலிருந்து சொல்லுக்குச் சொல் தேடித் தமிழில் பேசப் பழகினார். இடறும்போது கட்டிலில் இருந்து உதவி வரும். "பங்கசு எண்டே சொல்லுங்கோ, குற்றமில்லை."

பிழை நேர்ந்தது அதனால்தான்.

இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்த அன்று ஹிபா சுபோதினியைத் தொலைபேசியில் அழைத்தார். "ரிப்போட் வந்திச்சி. எதிர்ப்பு நல்லா ஈக்கிது. மூணு மருந்து—" அவர் மின்தூக்கிக்குள் ஏறியிருக்கவேண்டும், இணைப்பு அறுந்தது. சுபோதினி திரும்ப அழைத்தாள், கிடைக்கவில்லை. ஆனால் அவளுக்கு மேலும் என்ன வேண்டும்? கொவிட் காலம் முழுவதும் எதிர்ப்புச் சக்தி, எதிர்ப்புச் சக்தி என்று ஊரே கொத்தமல்லி அவித்துக் குடித்தது. அந்தச் சொல்லுக்கு அவள் அறிந்த பொருள் ஒன்றே.

"அம்மா, அப்பாவுக்கு எதிர்ப்பு நல்லா இருக்காம்!"

நேசமலர் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். ரொறன்ரோவில் தம்பி பிரசாந்தை எழுப்பினார்கள். வீடு விற்ற விடயத்தில் தகப்பனோடு பேச்சை நிறுத்தியிருந்தவன், அன்று அழுதுகொண்டே பேசினான். மேலங்கியும் கையுறையும் அணிந்து தாயும் மகளும் கட்டிலருகே நிற்க, பையில் இட்ட தொலைபேசி நடுவில் இருக்க, நால்வரும் ஒரு மாலை முழுவதும் கதைத்தார்கள்.

"உங்கடை 'மேற்படி' இல்லாமல் ஒரு கடிதம் எழுதியிருப்பியளே அப்பா?" என்றான் பிரசாந்.

"உன்ரை கடிதத்திலை ஒற்று ஒண்டாவது இருந்திருக்கோடா?" என்றார் கனகசபாபதி. நேசமலர் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

போகும் நேரத்தில் அவர் மகளைக் கூப்பிட்டார்.

"டொக்டர் என்ன சொன்னவ? அப்பிடியே சொல்லு."

"எதிர்ப்பு நல்லா இருக்கு எண்டு."

"எதிர்ப்பு ஆருக்கு?"

"உங்களுக்குத்தான், அப்பா. வேறை ஆருக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு, "அப்ப சரி," என்றார்.

மறுநாள் ஹிபா வந்து, விட்ட வாக்கியத்தை முடித்துவைத்தார். எதிர்ப்பு இருந்தது பங்கசுக்கு. இருந்த மூன்று வகை மருந்துக்கும் அது அசையவில்லை. இன்னொன்றைத் தருவித்துப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது. சுபோதினி அதை எப்படி விளங்கிக்கொண்டாள் என்று அறிந்ததும் அவர் கட்டிலருகே வந்தார்.

"மன்னிச்சிக்கோங்க. நான் சரியா செல்லல்ல. ஒங்களுக்கு நான் பொய்யா ஒரு—"

"நாலாம் வேற்றுமையை விட்டுட்டியள்," என்றார் கனகசபாபதி. மூச்சுக்கு நடுவே சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "ஒரு 'கு'. நேற்றே எனக்குத் தெரியும். எழுதினதைப் பாத்தால் திருத்தாமல் என்ரை கை நிக்காது. நேற்றுத்தான் ஒரு பிழையைத் திருத்தாமல் விட்டனான்." பிறகு, "நல்லாத்தான் இருந்தது," என்றார்.

தருவித்த மருந்தும் பயன்படவில்லை. ஆயினும் ஹிபா நாள்தோறும் வந்தார். மருந்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாத நாள்களிலும் வந்து, இருக்கையை இழுத்துப் போட்டு இருந்தார்.

பதினொன்றரை மணியளவில் நடைக்கூடத்தின் கோடியில் அவர் தென்பட்டார். முற்றத்தைக் கடந்து வந்திருக்கவேண்டும். வெள்ளை மேலங்கியின் தோள்கள் நனைந்திருந்தன. கடிதங்களை நனையவிடாமல் மார்போடு அணைத்திருந்தார்.

"கையெழுத்து வெச்சிட்டாங்க. இங்கிலீஷ்ல ஒண்டு வார்டுக்கு. தமிழ்ல இது ஒங்கட உம்மாக்கு. நானே டைப் பண்ணின." தயங்கினார். "ஒங்கட வாப்பா இல்லியே, பாத்துத் தர. பிழை ஈந்தா செல்லுங்க."

சுபோதினி வாசித்தாள்.

*அமரர் கனகசபாபதி அவர்களின் உடலை வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம். குளிப்பாட்டுவோருக்குக் கையுறையும் மேலங்கியும் தேவை. ஏனையோர் வெறுங்கையால் தொடலாம். தொட்டப்பின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும்.*

யாருக்கு என்பதை எங்கும் விடவில்லை. மூன்றாவது வாக்கியத்தை அவள் மறுபடியும் வாசித்தாள். நான்காவதில், 'தொட்டபின்' என்று இருக்கவேண்டிய இடத்தில், ஒரு 'ப்' மிகையாக நின்றது. பென்சில் கையிலிருந்த பைக்குள்தான் கிடந்தது.

"பிழை ஏதும் ஈக்கா?"

"இல்லை, டொக்டர். எல்லாம் சரி."

ஹிபா தலையசைத்தார். ஹெக்டர் சுவரோரம் இருந்து எழுந்து வந்தார். ஈரமாயிருந்த கைகளைக் காற்சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, இரண்டையும் நீட்டினார். அவருடைய பொடியன்களும் பார்க்கட்டும் என்று, சுபோதினி தமிழ்க் கடிதத்தை அவரிடம் கொடுத்தாள்.