ஒரு தவறும் மூன்று பாடங்களும்

1

டமார் என்று கேட்டை உதைத்துத் திறந்துகொண்டு ராணுவம் என் வீட்டுக்குள் நுழைந்தது.

(பொய். கோட்டைச்சாமி கேட்டை மெதுவாகத்தான் திறந்தார். செருப்பைக்கூட வெளியே நேராக ஜோடி சேர்த்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் மெதுவாகத் திறக்கும் கேட்டை வைத்து வாரப் பத்திரிகைக்குக் கதை ஆரம்பிக்க முடியாது. அந்த உதை என்னுடையது.)

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, ஆர்டரின்பேரில் வந்தது. அமராவதிபுதூர் கோட்டைச்சாமி ராணுவத்தில் நாயப் சுபேதார். ஜவான்களுக்கு மேலே, அதிகாரிகளுக்குக் கீழே, இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் இடம். இருபத்து நான்கு வருடம் ஆட்களை மேய்த்தவருக்கு இப்போது தலைமை என்றால் என்ன என்று கற்றுக்கொடுக்கப் போகிறார்கள். வடக்கே எட்டு வார வகுப்பு. பாஸானால் சுபேதார். பாடம் எடுக்கும் கேப்டனுக்கு வயது இருபத்தேழு.

போகும்போதே ஒரு கட்டுரையும் கொண்டுபோக வேண்டும். 'தலைவனாக நான் செய்த ஒரு தவறு, அதில் கற்ற மூன்று பாடங்கள்.' மூன்றுதான். இரண்டு கற்றவன் தலைவனாக மாட்டான்; நான்கு கற்றவன் அதிகப்பிரசங்கி.

"ஒரு தப்பு எழுதிக் குடுங்கண்ணே" என்றார் கோட்டைச்சாமி. "எங்க வீட்டுல உங்க தொடரை ஒரு வாரம் விடாம படிக்கிறாக. அவர் எழுதுனா பொய்கூட நம்புற மாதிரி இருக்கும்னு அவுகதான் அனுப்புனாக."

"சுபேதார் செய்யாத தப்பா?"

"நாயப் சுபேதார்ண்ணே."

அதுதான் சிக்கல். அவருடைய புது வீட்டு வாசலில் கருப்புக் கிரானைட்டில் 'சுபேதார் கோட்டைச்சாமி இல்லம்' என்று ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. எப்படியும் ஆகப்போகிறோம், கல்லை எதற்கு இரண்டு தடவை வெட்டுவது என்று முன்யோசனை. ராணுவம் இதைத் தொலைநோக்கு என்று சொல்லிக்கொடுக்குமாம்.

2

முதல் வரைவு: 'பனி மூடிய எல்லையில் மேப்பைத் தொலைத்துவிட்ட கோட்டைச்சாமி வானத்து நட்சத்திரங்களை

"மேப்பைத் தொலைச்சா வகுப்புக்கு அனுப்ப மாட்டாகண்ணே. விசாரணைக்கு அனுப்புவாக."

இரண்டாவது: 'எல்லோர் முன்னாலும் சமையற்காரரை அவர் திட்டியபோது அந்த மனிதரின் கண்களில்

"கண்ணை விடுங்க. பருப்பு வெந்துச்சான்னு கேப்பாக. வேகலைன்னா திட்டுனது தப்பே இல்ல."

மூன்றாவதற்கு என் கை யோசிக்காமல் ஓடியது: 'ஒரு ஜவானுக்கு அவர் லீவு மறுத்தார். மறுநாள் ஊரில் அவனைப் பெற்றவள்

கோட்டைச்சாமி காகிதத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"அது மட்டும் வேணாம்."

3

காரணம் ஒரு பென்டிரைவ். போன வருடம் வகுப்பை முடித்த தேவகோட்டை சத்தியமூர்த்தி கொடுத்தது. அதில் எப்போதோ யாரோ முதல் பரிசு வாங்கிய கட்டுரை இருந்தது. லீவு மறுப்பு, தாய் மரணம், மூன்று பாடங்கள். பரிசு வாங்கியதை விட்டுவிட்டு வேறு எழுத ராணுவத்தில் யாருக்கும் பைத்தியம் இல்லை.

"போன வருசம் முப்பத்தாறு பேரு. முப்பத்தாறு கட்டுரையிலயும் அந்த அம்மா அதே செவ்வாக்கெழமைதான் செத்துச்சு."

"வாத்தியார் கேக்கலையா?"

"மார்ஜின் ஒண்ணரை இஞ்ச் இருக்கான்னு அளந்து பாத்தாகளாம். இருந்துச்சாம்."

இந்த வருடம் விஷயம் வெளியே வந்துவிட்டது. லீவு, அம்மா என்று இரண்டு வார்த்தை கட்டுரையில் சேர்ந்து வந்தாலே காப்பி என்று யூனிட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சுபேதார் பதவி அதோடு சரி.

"நல்லதாப் போச்சு. வேறு தப்பு பார்ப்போம்" என்றேன்.

கோட்டைச்சாமி கவிழ்ந்த காகிதத்தின் மூலையை நகத்தால் நேராக்கிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு அது நெசமாவே நடந்துச்சுண்ணே."

4

(இந்தப் பகுதியில் வர்ணனை எதுவும் சேர்க்கவில்லை.)

ஐந்து வருடம் முந்தி. அவர் அப்போது ஹவில்தார். லீவுப் பட்டியலை எழுதி மேலே அனுப்புவது அவர் வேலை. அம்மாவுக்கு முடியவில்லை என்று உதயகுமார் என்ற ஜவான் வந்து நின்றான். கோட்டைச்சாமி அவன் பெயரை முதலாவதாக எழுதினார். பிறகு ஒரு நிமிடம் யோசித்தார். 'சொந்தக்காரனுக்கு முதல்ல குடுத்துட்டான்' என்று கம்பெனி முழுக்கப் பேசுவார்கள். ஸ்கேல் வைத்துப் பெயரை அடித்து, அடுத்த மாதப் பட்டியலில் சேர்த்தார். பாரபட்சம் இல்லாத மனுஷன் என்று தன்னையே மெச்சிக்கொண்டு சாப்பிடப் போனார்.

அந்த அம்மா இறந்தது செவ்வாய்க்கிழமை இல்லை, வியாழக்கிழமை. பையன் ஊர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"அந்தம்மா பேரு?"

"பேரு வேணாம்ண்ணே."

நான் சின்னப்பொண்ணு என்று வைத்துக்கொண்டேன். பெயரைப் படித்ததுமே வாசகருக்குக் கண் கலங்கும்.

(அடிக்குறிப்பு: மூன்று பாடம் என்னென்ன என்று கேட்டேன். "ஒண்ணுதான்ணே" என்றார். "கோடு நேரா இருந்துச்சு.")

5

இரண்டு கட்டுரை எழுதினேன். ஒன்று நடந்தது. இன்னொன்றில் கோட்டைச்சாமி ஜீப்பின் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பிவிடுகிறார். மூன்று பாடம், ஒன்றரை இஞ்ச் மார்ஜின்.

இனி முடிவு.

முடிவு அ: உண்மையைக் கொண்டுபோகிறார். காப்பி என்று திருப்பி அனுப்புகிறார்கள். கிரானைட்டின் மேல் நிரந்தரமாக ஒரு மாவிலைத் தோரணம்.

முடிவு ஆ: ஸ்டெப்னியைக் கொண்டுபோகிறார். 'நெஞ்சைத் தொட்ட நேர்மை' என்று கேப்டன் எழுதுகிறார். அடுத்த வருடம் முப்பத்தாறு ஸ்டெப்னியிலும் காற்று இல்லை.

முடிவு இ: வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உதயகுமார்

(இது வேண்டாம். பத்திரிகை ஓவியருக்கு மட்டும்தான் பிடிக்கும்.)

அமராவதிபுதூருக்கு நானே போனேன். கிரானைட் வெயிலில் பளபளத்தது. கோட்டைச்சாமியின் மனைவி நாகவல்லிதான் கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்க. டிக்கெட் விசயமா ஸ்டேசனுக்குப் போயிருக்காக. எழுதிட்டீகளா?"

கவரை வாங்கி அங்கேயே பிரித்தார். ஸ்டெப்னியைப் படித்துவிட்டு, "இவுகளா? சைக்கிளுக்கே ரெண்டு தடவை காத்துப் பாப்பாக" என்று சிரித்தார். அடுத்ததை மெதுவாகப் படித்தார். முடித்தவர் திரும்பவும் முதல் வரிக்குப் போனார்.

எந்தக் கட்டுரை ரயில் ஏற வேண்டும் என்று இந்த இடத்தில் உங்களிடம் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதாகத்தான் என் திட்டம். கேட்டும்விட்டேன். நீங்கள் யோசிப்பதற்குள் நாகவல்லி என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, நடந்ததை எழுதிய கட்டுரையில் சின்னப்பொண்ணு என்ற பெயரை அடித்தார். ஸ்கேல் இல்லை. கோடு கோணலாகப் போனது.

"எங்க அம்மா பேரு ஆயி. அதை மட்டும் மாத்தாம எழுதுங்க."