வாழையிலையில் பொதிந்த கடிதம்

எனக்குக் கோபம் மூக்குமேல் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டாம்பைக் கோணலாக ஒட்டிக்கொண்டு வந்தால்கூட அஞ்சலாபீஸ் அதிரக் கத்துவேன். அந்தக் கோபமெல்லாம் ஏழைபாழைகளிடம் மட்டும்தான் என்பதை ஐம்பத்தொன்றாம் வருஷம் மாசி மாதத்தில் கண்டுகொண்டேன். பெரிய மனிதர் முன்னால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசித்தவர் முத்துநாயகம் முதலாளி. தாவீது ராஜா உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைச் சாகடிக்கச் சொல்லிக் கடிதம் எழுதி, அதை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பிய பகுதி. வெண்கலக் குரல் அவருக்கு. பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் அழுதார்கள். வாசித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் காலை அவரே அஞ்சலாபீசுக்கு வந்தார். கட்டடம் அவருடையது. எனக்கு இந்த அஞ்சல் மாஸ்டர் வேலையை வாங்கித் தந்ததும் அவர்தான்.

"ஓய் சுந்தரராஜ், ஒரு ரிப்போர்ட்டு எழுதும். ஜெபசீலன் வழியில வச்சு கடுதாசியள உடைச்சுப் படிக்கான்னு."

ஜெபசீலன் எங்கள் அஞ்சலோட்டக்காரன். மணி கட்டிய கம்பைத் தோளில் சாய்த்து, பதினெட்டு வருஷமாக எங்கள் ஊர்ப் பையைத் திருவட்டாறு வழியாகத் தக்கலைக்குச் சுமக்கிறவன். ஊருக்குள் கடிதம் கொடுப்பதும் அவன்தான். முதலாளி செல்லத்தாய் என்ற விதவையின் தோட்டத்துக்கு வழக்குப் போட்டிருந்தார். அவளுக்கு வந்த கோர்ட்டு நோட்டீசை நாலு நாள் கழித்துக் கொடுத்தால் போதும் என்று இவனிடம் சொன்னார். இவன் வந்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். அவள் நேரத்துக்குக் கோர்ட்டில் போய் நின்றாள். இதுதான் அவன் செய்த குற்றம்.

அடுத்த மாதம் திருவிதாங்கூர் அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்கிறது. பழைய ஆட்களில் யார் யாரை வைத்துக்கொள்வது என்று தக்கலை இன்ஸ்பெக்டர் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். இந்த ஒரு ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தால் ஜெபசீலன் வீட்டில் உலை கொதிக்காது. மூன்று பெண்பிள்ளைகள் அவனுக்கு.

எழுதினேன். அரக்கு உருக்கி முத்திரையும் வைத்தேன்.

"பையில போடாதேயும். அவன் கையிலயே குடுத்தனுப்பும்," என்றார் முதலாளி. "உடைச்சாம்னா குற்றம் ருசுவாச்சு. உடைக்கலன்னா ரிப்போர்ட்டு போய்ச் சேந்தாச்சு. எப்பிடி?" சிரித்துக்கொண்டே படியிறங்கினார். நேற்று என்ன வாசித்தோம் என்ற நினைப்பே அந்த மனுஷனுக்கு இல்லை. அட பாவி மனுஷா!

பத்து மணிக்கு ஜெபசீலன் வந்தான். பையையும் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பினான்.

"ஏலே ஜெபசீலா, நில்லு. அதுல உன் பேரு இருக்கு. உன்னைப் பற்றி..."

"சொல்லாதீங்க சாரே!" சட்டென்று கையை நீட்டித் தடுத்தான். "உள்ள என்ன எழுதியிருக்குன்னு நான் கேட்டா, உடைச்சுப் பாத்த மாதிரிதானே?"

"மடையா! உரியாவுக்காவது தெரியாது. உனக்குத்தான் சொல்லியாச்சே. ஆத்துல தூக்கிப் போட்டுட்டுப் போ. கேட்டா நான் அனுப்பவே இல்லைன்னு சொல்லிக்கிடுகேன்."

"முத்திரை வச்சு எங்கையில தந்தாச்சு சாரே. இனி அது போய்ச் சேரணும். நான் யாரு நடுவுல?"

மணி குலுங்கக் குலுங்கப் போய்விட்டான். நான் ஆபீசைப் பூட்டினேன். என் சர்வீசில் பட்டப்பகலில் பூட்டியது அன்றுதான். அவனுக்குத் தெரியாமல் பின்னாலேயே நடந்தேன். அவன் எங்காவது உடைத்துவிட மாட்டானா, கிழித்து எறிந்துவிட மாட்டானா என்று ஏங்கினேன். அவன் அயோக்கியனாகிவிட்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திருவட்டாற்றுப் பாலத்தருகே அவன் ஆற்றுக்குள் இறங்கினான். எனக்கு உயிர் வந்தது. தூக்கிப் போடப் போகிறான்! அவன் போடவில்லை. கரையோரத்து வாழையில் ஒரு துண்டு இலை கிள்ளி, தண்ணீரில் முக்கி, துண்டால் ஈரத்தைத் துடைத்தான். அரக்கைக் குனிந்து பார்த்தான். மாசி வெயிலில் அது இளக ஆரம்பித்திருக்க வேண்டும். கடிதத்தை அந்தக் குளிர்ந்த இலையில் பிள்ளையைப் பொதிவதுபோலப் பொதிந்து, மேலே துண்டைச் சுற்றி, தன் நிழல் அதன்மேல் விழும்படி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கரையேறினான். என்னைப் பார்த்தான். மணிக்கம்பைத் தோளில் சாய்த்து மேலே நடந்தான்.

கர்த்தாவே! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. சபையில் நாற்பது வருஷம் கேட்ட பிரசங்கம் முழுவதும் அந்த ஆற்றங்கரையில் என் கண்முன்னால் நடந்து போனது.

தக்கலை ஆபீஸ் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றேன். இன்ஸ்பெக்டர் சிவதாணு பிள்ளை இலையைப் பிரித்தார். முத்திரையைப் பார்த்தார், உடைத்தார், படித்தார். முகம் கறுத்தது.

"உம்ம மேல ஒரு புகார் வந்திருக்கு. உமக்கு இது தெரியுமா?"

'தெரியாது' என்று ஒரு சொல் சொன்னால் போதும். முத்திரை உடையாமல் வந்திருக்கிறது, அதுவே அவனுக்குச் சாட்சி. சொல்லித் தொலையேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டு முனகினேன்.

"எம்பேரு இதுல இருக்குன்னு தெரியும் சாரே. வேற ஒண்ணும் தெரியாது."

"பிரிக்காம எப்பிடித் தெரியும்? ஆவியில காட்டித் திறந்தீரோ?"

"இல்ல சாரே."

"பின்ன யாரு சொன்னது?"

ஜெபசீலன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தூண் பக்கம் திரும்பவே இல்லை. இன்ஸ்பெக்டர் இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டார். பிறகு பட்டியலை இழுத்துப் பேனாவை எடுத்தார்.

நான் இரக்கப்பட்டுச் சொன்ன அரை வாக்கியமே அவனைக் கொல்லப்போகிறது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் அதைச் சுமந்துகொண்டு நிற்கிறான். முதலாளி, வீடு, வேலை எல்லாம் ஒரு நொடி கண்ணில் வந்து போயிற்று. என் கால் தானாக உள்ளே நடந்தது.

"நான்தான் சொன்னேன் சார். இந்த ரிப்போர்ட்டை எழுதினதும் நான்தான். இதுல ஒரு வரிகூட உண்மை இல்லை. முத்துநாயகம் எழுதச் சொன்னாரு, நான் எழுதினேன்." அவர் பெயரை முதலாளி என்று சேர்க்காமல் சொன்னது அதுதான் முதல் தடவை.

இன்ஸ்பெக்டர் மேஜையில் கிடந்த வாழையிலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த வெயில்ல இவ்வளவு தூரம்..." என்றவர், பேனாவை மூடி வைத்தார்.

ஜெபசீலன் பெயர் பட்டியலில் நின்றது. முத்துநாயகத்தை யாரும் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த ஞாயிறும் அவர்தான் வேதபாடம் வாசித்தார். தக்கலை போய்வந்த நாலாம் நாள் ஜெபசீலன் எனக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தான். துண்டுக்குள் வாழையிலை, இலைக்குள் அரக்கு முத்திரை.

"இதுல என்ன இருக்குன்னு தெரியுமாடே?"

"தெரியாது சாரே."

அவன் கண் கலங்கியிருந்தது. உடைத்துப் படித்தேன். எனக்கு வேலை போயிற்று. ஆச்சரியம், கோபமே வரவில்லை. நிமிர்ந்தபோது அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"பதில் உண்டுமா சாரே? கொண்டுபோகணும்."

உத்தரவு கிடைத்தது, எல்லாம் நியாயம்தான் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, மடித்து உறையிலிட்டு, ஒட்டாமலே நீட்டினேன். உன்னிடம் எதற்கு முத்திரை என்றேன்.

அவன் கை நீட்டவில்லை.

"ஒட்டித் தாங்க சாரே," என்றான்.