எமில் ஹுடாக்கின் நடை

டேரில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்து டயர் தொழிற்சாலையில் அவன் அப்பா எமில் ஹுடாக்கின் இடுப்பு ரப்பர் உருளையில் சிக்கியது. உயிர் தப்பியது, நடை போனது. ஒரு காலை வீசிப் போடுவார், இடுப்பு வெட்டும், தோள் அதைத் தாங்கிப் பிடிக்கப் பதறி ஓடும். தெருவில் யாராவது எதிரே வந்தால் நின்று, சுருட்டைப் பற்றவைப்பதுபோல் பாவனை செய்வார். அவர்கள் கடந்துபோன பிறகுதான் மறுபடி நடப்பார்.

டேரில் தன் சிநேகிதி ரோண்டா கெஸ்லரோடு சேர்ந்து 'ஃப்ளாட் சிட்டி' என்று ஒரு இசைக்குழு ஆரம்பித்தான். ஊர் பீர்க்கடைகளில் இவர்கள் பாட்டை யாரும் சீந்தவில்லை. ஒருநாள் ஒத்திகையில் ரோண்டா சின்தசைசர் கீபோர்டில் வெட்டி வெட்டி ஒரு தாளத்தை ஓடவிட்டாள். டேரிலின் கால் அதற்குத் தானாக நடந்தது. வீசல், வெட்டு, பதறல்.

ரோண்டா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, இன்னொரு தடவை பண்ணுடா! எங்கேருந்து பிடிச்ச?"

"ஃபேக்டரியில ஒரு மெஷின் இப்படித்தான் ஆடும்" என்றான் டேரில். வாய் கூசவில்லை.

அதன்பிறகு மேடையில் சாம்பல் நிற ஃபேக்டரி உடுப்பும் தொப்பியுமாகக் குழுவினர் எல்லோரும் அந்த நடையை நடந்தார்கள். நியூயார்க் கிளப்புகள் அவர்களைக் கொண்டாடின. ரெக்கார்டு வந்தது, டெலிவிஷன் வந்தது. மனிதன் இயந்திரமாகிப்போகும் அவலத்தை இவர்கள் ஆடிக் காட்டுவதாகப் பத்திரிகைகள் எழுதின. டேரில் தலையாட்டினான். டெலிவிஷனில் பார்த்துவிட்டு அம்மா போன் செய்தாள். "தொப்பி நல்லாருந்தது" என்றாள். அப்பா போனுக்கு வரவில்லை.

பிறகு சொந்த ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கச்சேரி. முன்வரிசைகள் முழுக்க, குழுவைப்போலவே சாம்பல் உடுப்பு போட்ட ரசிகப் பிள்ளைகள். முதல் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எமில் கோட்டு போட்டுக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்தபடி, நாற்காலிகளுக்கு நடுவே தன் இடத்தைத் தேடி நடந்து வந்தார்.

"பாருடா, பெருசு அந்த நடையை என்னமா பண்ணுது!" என்று ஒருவன் கூவினான். விசில் பறந்தது. இரண்டு பேர் அவர் பின்னாலேயே வரிசைகட்டி, வீசி வெட்டி நடந்தார்கள். மொத்த அரங்கமும் கைதட்டியது. எமிலுக்கு நிற்கவும் வழியில்லை, நடக்கவும் வழியில்லை.

ரோண்டாவின் விரல்கள் கீபோர்டில் தப்பின. டேரிலைத் திரும்பிப் பார்த்தாள். ஒலிவாங்கி அவன் கையில்தான் இருந்தது. 'அவர் எங்க அப்பா' என்று ஒரு வார்த்தை போதும். அவன் அடுத்த வரியைப் பாடினான்.

மேடைக்குப் பின்னால் ரோண்டா கேட்டாள்: "அது மெஷின் இல்ல, அப்படித்தானே?"

டேரில் தரையைப் பார்த்தான்.

"பாவி! இத்தனை நாளும் அதுக்கு என்னையும் தாளம் போட வச்சிருக்கியே."

மறுநாள் வீட்டில் மதியச் சாப்பாடு. அம்மா முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டி வேகவைத்திருந்தாள். எமில் தட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: "கால் தப்பு."

"என்னப்பா?"

"நீ வலது காலை வீசுற. எனக்கு இடது."

அம்மா எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவன் அந்த நடையை நடக்கவில்லை. எந்த ஊர் போனாலும் "நட! நட!" என்று கத்தினார்கள். நடக்காதவனுக்கு ரெக்கார்டு விற்கவில்லை. கம்பெனி கைவிட்டது. ரோண்டா படங்களுக்கு இசையமைக்க லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டாள். ஃப்ளாட் சிட்டி அவ்வளவுதான்.

ஆனால் வருஷங்கள் கழித்துப் புதுப்புதுக் குழுக்கள், உங்களைப் பார்த்துத்தான் நாங்கள் ஆரம்பித்தோம் என்று சொல்லிக்கொண்டு வந்தன. பக்கத்து நகரமான கிளீவ்லேண்டின் வானொலியில் அப்படி ஒரு இளம் பாடகி அவனைப் பேட்டி கண்டாள். "அந்த நடை எங்கேருந்து வந்துச்சு, சார்?"

அத்தனை வருஷமாய் மறைத்து வைத்திருந்ததை டேரில் சொல்லிவிட்டான். உருளை, இடுப்பு, அன்றைக்குக் கச்சேரியில் தான் வாய்மூடி இருந்தது, எல்லாவற்றையும். அவள் கண் கலங்கினாள். அவனுக்கு நெஞ்சு லேசானது. அந்த லேசோடு வண்டியை ஆக்ரனுக்கு ஓட்டினான்.

அப்பா சமையலறையில் உட்கார்ந்திருந்தார். ரேடியோவின் வயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்திருந்தார்.

"ஏன்டா சொன்ன?"

"உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்னுதாம்ப்பா..."

"என்கிட்ட கேக்க ரேடியோ எதுக்கு? ஊரெல்லாம் மெஷின்னு நெனச்சுட்டிருந்தது. இனிமே நான் ரொட்டி வாங்கப் போனாக்கூட எல்லாரும் என் காலைத்தானே பாப்பாங்க?"

அன்று அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அவர் மேஜையைப் பிடித்து எழுந்தார்.

"வண்டியப் பின்பக்கம் கொண்டா. வாசல் வழியா நான் வரல."

கொண்டு வந்தான். கதவைத் திறந்து பிடித்தபடி, அப்பா நடந்து வந்து ஏறி உட்காரும்வரை, பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.