பத்தியில் இல்லாத பதில்

ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறத் தொண்ணூறு மதிப்பெண் வேண்டும். சுப்ரஜா போன தடவை எடுத்தது எண்பத்தாறு. நாற்பது எடுத்துத் தோற்றவர்களாவது, நமக்கு இது ஒத்துவராது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். நாலு மதிப்பெண்ணில் கோட்டை விட்டவளுக்கு அந்த நிம்மதியும் கிடையாது.

பூனாவில், கட்கிப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் இரண்டாம் வகுப்புக்குத் தற்காலிக ஆசிரியை. வந்த ஒரே வருஷத்தில், முப்பத்தாறு வாண்டுகளும் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற அளவுக்கு ஆகிவிட்டது. தலைமை ஆசிரியை வைஜயந்தி மேடம் நல்லவர்தான். ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. "பிப்ரவரியில் தேறிவிட்டால் ஜூனிலிருந்து நீ நிரந்தரம். இல்லையென்றால் அந்த வகுப்பை வேறு யாருக்காவது கொடுத்தாக வேண்டும்" என்று சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்த சுப்ரஜா இரண்டு தடவை பாத்திரம் தேய்த்தாள்.

அவள் கணவன் பாஸ்கர் கசார்வாடியில் ஒரு பட்டறையில் தரப் பரிசோதகன். கோயம்புத்தூரிலிருந்து பூனாவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. துளைக்குள் கேஜ் என்கிற அளவுக் கம்பி போனால் பாஸ், போகாவிட்டால் ரிஜெக்ட் என்று நாள் முழுக்கப் பிரித்துப் போடுகிற ஆள். மனைவியின் தோல்வியையும் அவன் அப்படித்தான் கையிலெடுத்தான். விடைத்தாளின் நகலை இணையத்திலிருந்து இறக்கி, பிரிண்ட் எடுத்து, சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துப் பார்த்தான். பதினொரு வட்டங்கள் கறுப்பாக்கப்படாமல் காலியாகக் கிடந்தன. எல்லாமே ஆங்கிலப் பகுதியில், பத்தியைப் படித்து விடை சொல்கிற கேள்விகள்.

"ஏனம்மிணி, தப்பாப் போட்டாக்கூட மார்க் குறைக்க மாட்டாங்க. கண்ணை மூடிட்டு இழுத்திருந்தாலும் ரெண்டு மூணு விழுந்திருக்கும். இந்தப் பதினொண்ணும் என்னாச்சு?"

"டைம் பத்தலீங்க."

"எதுல போச்சு டைம்?"

சுப்ரஜா கொஞ்ச நேரம் மேஜை விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தபால்காரர்ல" என்றாள்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. ஒரு மலைக் கிராமம். அங்கே ஒரு தபால்காரர். கையில் ஒரு கடிதம். அது யாருக்கு வந்ததோ அந்த அம்மாள் இரண்டு நாளைக்கு முன் இறந்துபோய்விட்டாள். அவர் அந்த வீட்டு வாசலில் நிற்கிறார். அத்தோடு பத்தி முடிந்துவிட்டது. சுப்ரஜாவுக்கு முடியவில்லை.

"கேள்வி என்ன கேட்டிருந்தாங்க?"

"கதவு என்ன கலருன்னு."

"விடை?"

"பச்சை. அதெல்லாம் தெரியுமுங்க. ஆனா அந்த லெட்டரை அவரு என்னதான் பண்ணியிருப்பாரு? உள்ள போட்டிருப்பாரா, திருப்பி எடுத்துட்டுப் போயிருப்பாரா?"

ஏழு நிமிஷம் அந்தத் தபால்காரரோடு வாசலில் நின்றிருக்கிறாள் இந்த மகராசி. பாஸ்கருக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. கல்யாணமான புதிதில், பஸ் ஜன்னல் வழியே பார்த்த ஒரு சண்டை எப்படி முடிந்ததோ என்று ராத்திரி பத்து மணிக்குக் கவலைப்பட்டவள்தானே இவள். அப்போதே அவனுக்கு இவளை ரொம்பப் பிடித்துப்போனது. இப்போது தலையில் அடித்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. முதலில் கேள்விகளைப் படி, அப்புறம் பத்திக்கு வா. விடை இருக்கிற வரியில் விரலை வைக்க முடிந்தால்தான் அது விடை. கொடுத்திருக்கிற நாலு விடைகளில் இரண்டு பார்த்தவுடனே ரிஜெக்ட், 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று அடித்துப் பேசுகிறதைச் சந்தேகப்படு. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றைச் சிவப்பு மையில் எழுதி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினான்: 'உனக்குத் தெரிந்தது வேண்டாம், நீ நினைப்பது வேண்டாம், பத்தியில் இருக்கிறதா அதைச் சொல்.' இதெல்லாம் அவன் எங்கேயோ வீடியோ பார்த்துப் பொறுக்கியதுதான். ஆனால் சொன்ன தோரணையைப் பார்த்தால் தேர்வையே அவன்தான் கண்டுபிடித்தான் என்று நினைக்கத் தோன்றும்.

சுப்ரஜா மக்குப் பெண் இல்லை. விதிகள் எல்லாம் ஒரே வாரத்தில் அத்துப்படி. ஆனால் பத்தி முடிகிற இடம் வந்தால் போதும், பேனா நின்றுவிடும். ஒருநாள், வெறுங்காலோடு ஓடிப் பழகுகிற ஒரு பெண்ணைப் பற்றிய பத்தி. பந்தயத்துக்கு முந்தின நாளோடு நிறுத்திவிட்டான் அதை எழுதின புண்ணியவான். சுப்ரஜாவின் கண் சுவரில் இருந்தது. பாஸ்கரின் கையில் செல்போன் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம்.

"மூணாவது எடம் வந்துட்டா அம்மிணி. சலோ, அடுத்த கேள்வி!"

அவள் திரும்பிப் பார்த்தாள். "நெசமாவா?"

"நெசமாத்தான். கோச்சு ஷூ வாங்கிக் கொடுத்தாரு."

அவள் முகம் மலர்ந்துபோய், மளமளவென்று மிச்சக் கேள்விகளை முடித்துவிட்டாள். பாஸ்கருக்கு இத்தனை நாளாக எங்கே இடிக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அன்றிலிருந்து ஓர் ஒப்பந்தம். பத்தி எங்கே நின்றாலும் சரி, அவள் மேலே போய்விட வேண்டும். முடிவை அவன் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்வான். காலையில் அவனே பத்தியைத் தேர்ந்தெடுத்து, மனதில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவான். பட்டறையில் ஒரு கையில் கேஜ், மண்டைக்குள் கலங்கரை விளக்கக்காரரின் மகள்.

வாழ்க்கையில் ஒரு கதைப் புத்தகத்தைக்கூட முழுசாகப் படித்திராத ஆள் அவன். முதல் வாரத்து முடிவுகள் சகிக்கவில்லை. கலங்கரை விளக்கத்துப் பெண்ணுக்கு பேங்க்கில் வேலை கிடைத்தது. உப்பளத்துக் கிழவருக்கு பேங்க்கில் கடன் கிடைத்தது. தேனீ வளர்க்கிறவருடைய தேனீக்கள் காணாமல் போயிருந்தன, அவர் வேறு தேனீக்களை வாங்கிக்கொண்டார்.

"ஏனுங்க, அந்த மனுசன் ஒவ்வொரு கூட்டுக்கும் பேரு வெச்சிருந்தாருன்னு எழுதியிருக்குது. வேற வாங்கிக்குவாராங்க அவரு?"

சோற்றைப் பிசைந்துகொண்டே பாஸ்கர் யோசித்தான். மறுபடி பத்தியை எடுத்து, எந்த மாதிரிப் படிக்கக் கூடாது என்று அவளுக்குத் தடை போட்டானோ அந்த மாதிரியே நிதானமாகப் படித்தான். ஆமாம், வாங்கியிருக்க மாட்டார். "பழைய பெட்டியைத் திறந்தே வெச்சிட்டுக் காத்திருந்தாரு. மழைக்கப்புறம் ஒரு கூட்டம் மட்டும் வந்துச்சு" என்றான். அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். பட்டறையில் ஒன்பது வருஷமாக யாரும் அவனைப் பாராட்டியதில்லை, அந்த ரசம் அவனுக்கு அவ்வளவு ருசித்தது.

ஜனவரி கடைசியில், வீட்டில் வைத்த முழு மாதிரித் தேர்வை ஆறு நிமிஷம் மிச்சம் வைத்து முடித்தாள். மதிப்பெண் தொண்ணூற்றி ஏழு.

தேர்வு நாளன்று, கேம்ப் என்கிற கடைவீதி வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடம்தான் மையம். ஒன்பதரை மணிக்கு அவள் உள்ளே போனாள். அவளுடைய பையும் செல்போனும் தண்ணீர் பாட்டிலும் பாஸ்கர் கையில். கூட வந்தவர்கள் எல்லாம் இரானி ஹோட்டலைத் தேடிப் போனார்கள், சிலர் கடைத் தெருவுக்குள் நுழைந்தார்கள். காவலாளி, "பன்னிரண்டு மணிக்கு முன்னால் யாரையும் விட மாட்டார்கள் அண்ணா, போய் எங்கேயாவது உட்காருங்கள்" என்று இந்தியில் சொன்னார். பாஸ்கர் எதிர்ப்புறம் போய் ஒரு மூடிய கடையின் படியருகே நின்றுகொண்டான். அவளுக்குத் தலை சுற்றி நடுவில் வந்துவிட்டால்? வந்து பார்த்து ஆள் இல்லை என்றால்? காரணம் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லாமல் இரண்டரை மணி நேரம் நின்றான். பதினோரு மணிக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடித்தது. நிழல் இருந்த பக்கத்திலிருந்து வாசல் தெரியாது.

முடிவை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நீங்களும் சுப்ரஜாவைப் போல அதையே நினைத்துக்கொண்டு மிச்சத்தைப் படிக்காமல் போய்விடுவீர்கள். அடுத்த மாதம் வந்த மதிப்பெண் நூற்றி மூன்று. வைஜயந்தி மேடம் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டாம் வகுப்பு அவளுடையதுதான்.

ஆனால் அன்றைக்கு வாசலில் நின்றவனுக்கு அது தெரியாதே. வெளியே வந்த கூட்டத்தில் அவளைக் கண்டவுடன் சாலையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் ஓடினான். ஒரு ஆட்டோக்காரர் மராத்தியில் நன்றாக வாழ்த்திவிட்டுப் போனார்.

"காலி வட்டம் எத்தனை?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

பாஸ்கருக்கு மூச்சு வந்தது. பாட்டிலைத் திறந்து அவளிடம் கொடுத்தான். அவள் பாதித் தண்ணீரைக் குடிக்கும் வரை காத்திருந்தான். பிறகு, நாலு மாதப் பழக்கம் யாரை விட்டது, "சரி, பத்தி என்ன? எங்க நிறுத்தினான்?" என்று கேட்டான். எது வந்தாலும் ஒரு முடிவு கொடுப்பது என்று அவன் தயாராகத்தான் வந்திருந்தான்.

"நாரைங்க. வெகுதூரத்திலிருந்து வந்து ஒரு ஏரியில தங்குதுங்க. திரும்பிப் போற சமயத்துல ஒண்ணுக்கு றெக்கையில அடிபட்டுடுது. கூட்டம் கெளம்பிப் போயிடுது. ஆனா நல்லா இருந்த நாரை ஒண்ணு மட்டும் போகாம, அதுகூடவே தண்ணியில நின்னுக்குது. அவ்வளவுதான், முடிஞ்சுது."

"கேள்வி?"

"அந்த ரெண்டாவது நாரை எதுக்குப் போகாம நின்னுதுன்னு. பசி, களைப்பு, பாசம், அப்புறம் நாலாவது, 'காரணம் பத்தியில் சொல்லப்படவில்லை.'"

பழைய சுப்ரஜாவாக இருந்தால் இதிலேயே பதினைந்து நிமிஷம் போயிருக்கும். "எதைப் போட்டே?"

"விரல் வெச்சுத் தேடிப் பார்த்தேன். எந்த வரியிலயும் இல்ல. நாலாவதைக் கறுப்பாக்கிட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்."

"சபாஷ்!" என்றான் பாஸ்கர். அவன் சொல்லிக் கொடுத்தது அச்சு அசலாக அப்படித்தான். ஆனாலும் சொன்ன மாத்திரத்தில் மனசுக்குள் என்னவோ செய்தது. பாசம் என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, தாண்டிப் போகிற அளவுக்கா இவளை மாற்றிவிட்டோம் என்று இருந்தது. அதைச் சமாளிக்க அவசரமாக முடிவைத் தொடங்கினான். "அப்புறம் என்னாச்சுன்னா, அந்த றெக்கை..."

"வேண்டாமுங்க" என்றாள் சுப்ரஜா.

"முடிவு வேண்டாமா?"

"இதுக்கு வேண்டாம்."

அவள் அவனைப் பார்த்தாள். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நெற்றியும் மூக்கும் வெயிலில் கன்றிப்போயிருந்தன. தோளில் அவளுடைய பூப்போட்ட பை தொங்கிக்கொண்டிருந்தது. சேலைத் தலைப்பால் அவன் நெற்றியைத் துடைத்தாள், கேம்ப்பில், பட்டப் பகலில், அத்தனை பேர் பார்க்க.

"பரீட்சைக்கு நாலாவதுதானுங்க சரி. ஆனா அது எதுக்கு நின்னுதுன்னு எனக்குத் தெரியும்."