‘வீடு’ என்று எழுதிய பெட்டி

“திரும்பவும் அனுப்பிட்டாங்க,” என்றார் எடிட்டர் அம்மா தொலைபேசியில். “ஒன்பதாம் பாடம். மூணாவது தடவை.”

“இந்தத் தடவை என்ன குறையாம்?” என்றாள் அக்கா.

“அதே குறைதான். உங்க குரலுக்குப் பின்னாடி ஒரே காத்து. அதுவும் ஒரே மாதிரி இல்ல, ஏறி ஏறி இறங்குது. விமானத்துல உட்கார்ந்து வாசிச்ச மாதிரி இருக்கு.”

“கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திட்டுத்தானே வாசிச்சேன்.”

“உள்ளே இருக்கிற சத்தத்தைக் கதவு என்ன பண்ணும்? கேக்கிற பசங்க இதை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டித்தான் கேப்பாங்க. அப்போ அந்தக் காத்து விசில் மாதிரி ஆயிடுது. தலைவலி வருதுன்னு சொல்றாங்க. நான் ஒண்ணும் மறைக்கல. வெள்ளிக்கிழமைக்குள்ள சுத்தமா வரலைன்னா மீதிப் பாடத்தை வேற குரலுக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்க.”

அன்று புதன்கிழமை.

அக்கா வாசித்துப் பதிவு செய்வது பார்வையில்லாத மாணவர்கள் கேட்டுப் படிக்கும் பாடநூல். இயன்முறை மருத்துவம், இரண்டாம் ஆண்டு. இருபத்திரண்டு பாடங்களில் எட்டு முடிந்திருந்தது. எழுபது பேரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதில் அவள் குரலைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முதுகு தானாக நிமிரும்.

அறைக்குள் போனாள். மேசைக்குக் கீழே கம்ப்யூட்டர் பெட்டி, மேலே மடித்துப் போட்ட கம்பளிப் போர்வையோடு, கத்திக்கொண்டிருந்தது.

“போர்வை போட்டதுலேர்ந்து சத்தம் ஜாஸ்தியாயிருக்கு, கவனிச்சியா?” என்றார் வாசலில் நின்ற கணவர்.

“உங்க மச்சான்தான் போடச் சொன்னான். சத்தம் வெளியில வராதாம்.”

“அதுக்கே காய்ச்சல். நீ கம்பளியைப் போத்தி வெச்சிருக்கே.”

“சிரிக்கிறதுக்கு இதுவா நேரம்?”

“நான் சிரிக்கல. தொட்டுப் பாரு.”

தொட்டாள். தோசைக்கல் மாதிரி சுட்டது. போர்வையை உருவி மூலையில் எறிந்துவிட்டுத் தம்பிக்கு அழைத்தாள். கம்ப்யூட்டர்க் கடை வைத்திருக்கும் தம்பி. சின்ன வயதில் வீட்டில் இருந்த ரேடியோ, கடிகாரம் ஒன்று விடாமல் கழற்றிப்போட்டதால் குடும்பத்தில் அவனுக்கு ‘ஸ்குரு’ என்று பெயர். இந்தக் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்தவனும் அவன்தான்.

“அக்கா, எத்தனை தடவை சொல்றது? ஃபேன்னா சத்தம் வரத்தான் செய்யும்.”

“என் வேலை போகப் போகுதுடா.”

“நீ மைக்கை ரொம்பக் கூட்டி வெக்கிறே. குறைச்சு வெச்சுக்கோ.”

“குறைச்சா என் குரலும்தான் குறையுது.”

“அப்போ கொஞ்சம் சத்தமாப் படி. எவ்வளவு பெரிய பிராசசர் போட்டுக் குடுத்திருக்கேன், அதைச் சொல்ல மாட்டே. கஸ்டமர் நிக்கிறாரு, வெச்சிடட்டுமா?”

வைத்துவிட்டான்.

அக்கா போனை மேசைமேல் வைத்தாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, சமையலறையிலிருந்து திருப்புளியை எடுத்துவந்து பக்கத்து மூடியைக் கழற்றினாள்.

“உனக்கு இதெல்லாம் தெரியுமா?” என்றார் கணவர்.

“தெரியாது. தெரிஞ்சவன்தான் போனை வெச்சிட்டானே.”

உள்ளே, பலகையின் நடுவில், பிராசசருக்கு மேல், உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியத் தகட்டு அடுக்கு. அதன் தலையில் ஒரு குட்டி மின்விசிறி. தகடுகள் மஞ்சளித்திருந்தன. நான்கு கால்களில் ஒன்று பலகையில் பதியவே இல்லை. விரலால் அசைத்தால் மொத்தமும் ஆடியது.

“புது கம்ப்யூட்டர்னுதானே சொன்னான்?” என்றார் கணவர்.

அவள் பரணிலிருந்து பிராசசர் வந்த அட்டைப்பெட்டியை இறக்கச் சொன்னாள். கூட வந்த தாளில் ‘125 வாட்’ என்றிருந்தது. அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு அடிக்கோலை உள்ளே விட்டு, பிராசசரின் தலையிலிருந்து பக்கத்து மூடி வரும் இடம் வரை அளந்தாள். பதினாறரை சென்டிமீட்டர். அதையும் எழுதினாள். எதற்கு உதவும் என்று அப்போது அவளுக்கே தெரியாது. துணி எடுக்கப் போனாலும் அளவோடு போகிறவள் அவள்.

“வாடகைக் காருக்குச் சொல்லுங்க,” என்றாள்.

“நானும் வரட்டுமா?”

“வேண்டாம். நீங்க வந்தா அவன் உங்ககிட்டதான் பேசுவான்.”

கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டே போனாள். கடைக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தபோது தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியிலிருந்து டப்பாக்களை இறக்கிக்கொண்டிருந்தான். எதிரில் கண்ணாடி போட்ட ஒருவர், வாடிக்கையாளர்.

“சார், நீங்க விலையைப் பார்க்காதீங்க, வாட்டைப் பாருங்க,” என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். அக்காவிடம் ஒருநாளும் பேசாத குரல். வெல்லப்பாகு மாதிரி. “அறுபத்தஞ்சு வாட் பிராசசருக்கு இந்தக் குட்டிக் கூலரே போதும். நூறைத் தாண்டிட்டா இதை வெக்கவே கூடாது. சூடு தாங்காம ஃபேன் உச்ச வேகத்துல சுத்தும். கத்திக்கிட்டே சாகும்.”

“என்னோடது நூத்தி இருபத்தஞ்சு,” என்றார் கண்ணாடிக்காரர்.

“அப்போ இந்த உயர மாடல்தான். உள்ளே ஆறு செம்புக் குழாய் ஓடுது பாருங்க. சூட்டை மேலே இழுத்துத் தகடு முழுக்கப் பரப்பும். ஃபேன் பெருசு. பெரிய ஃபேன் மெதுவா சுத்தினாலே போதும், சின்னது பறந்து பறந்து சுத்தணும். சத்தமே அங்கதான் வருது. உங்க வீட்டுல யாராவது பாட்டு, ரெக்கார்டிங் ஏதாவது பண்றாங்களா?”

“பொண்ணு வீணை வாசிச்சு ரெக்கார்ட் பண்ணுவா.”

“கண்ணை மூடிக்கிட்டு இதை எடுங்க. குழந்தையோட உழைப்பு வீணாகக் கூடாது பாருங்க.”

அக்கா கம்ப்யூட்டரை மேசைமேல் இறக்கினாள். இறக்கிய சத்தத்தில் டப்பா ஒன்று உருண்டது.

“அக்கா,” என்றான் தம்பி. “சொல்லிட்டு வரக் கூடாதா?”

“சொன்னேன். மூணு மாசமா சொல்றேன். நீ பேசு, சாரை முதல்ல கவனி. நல்லா சொல்றே. நானும் கேட்டுக்கிறேன்.”

“அது இல்லக்கா...”

“நூறைத் தாண்டிட்டா எதை வெக்கக் கூடாது?”

அக்கா பக்கத்து மூடியைத் திறந்து உள்ளே விரலை நீட்டினாள். கண்ணாடிக்காரர் தன் கையிலிருந்த குட்டி டப்பாவின் படத்தைப் பார்த்தார், பெட்டிக்குள் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

“அதேதான் போலிருக்கே,” என்றார்.

“சார், ஒரு நிமிஷம் உட்காருங்க,” என்றான் தம்பி. அக்காவிடம் குரலைத் தாழ்த்தினான். “அப்போ கையில அதுதான் இருந்துச்சு.”

“எங்க இருந்துச்சு?”

அவன் கண் தானாக மேசைக்கு அடியில் போய் வந்தது. அக்கா குனிந்தாள். அங்கே ஓர் அட்டைப்பெட்டி. கறுப்பு மையில் பெரிதாக ‘வீடு’ என்று எழுதியிருந்தது, தம்பியின் கையெழுத்தில். உள்ளே பழுப்பேறிய விசிறிகள், மூலை உடைந்த பலகைகள், சுருண்ட ஒயர்கள்.

“இது என்னடா?”

“கஸ்டமர் வேண்டாம்னு திருப்பிக் குடுத்தது, கழட்டிப் போட்டது... நம்ம வீட்டு ஆளுங்க கேட்டா அதுலேர்ந்து பார்த்துப் போட்டுக் குடுப்பேன். எல்லாம் ஓடுற சாமான்தான்.”

“அந்தப் பெரிய பிராசசரும் இதுலேர்ந்துதானா?”

“ஒருத்தர் ரொம்ப சூடாகுதுன்னு திருப்பிட்டாரு.”

“சூடாகுதுன்னு ஒருத்தர் எறிஞ்சதையும், சூடு தாங்காதுன்னு இன்னொருத்தர் எறிஞ்சதையும் சேர்த்து முடிச்சுப் போட்டு எனக்குக் குடுத்திருக்கே. அதுக்கு மேல போர்வை வேற.”

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அக்கா, புரிஞ்சுக்கோ. கஸ்டமர்னா பொறுத்துக்க மாட்டான். மறுநாளே வந்து கடை வாசல்ல நின்னு கத்துவான். வீட்டு ஆளுங்கன்னா கொஞ்சம் பொறுத்துக்குவாங்க.”

“அதனால?”

“அதனால... அவ்வளவுதான்.”

“பொறுத்துக்கிறவளுக்குக் குப்பை, கத்துறவனுக்குச் செம்புக் குழாய். சரி. இப்போ நானும் கத்துறேன். கடை வாசல்ல நின்னு கத்தட்டுமா, உள்ளேயே கத்தட்டுமா?”

அவள் குரல் உயரவே இல்லை. எழுபது பேரில் தேர்ந்தெடுத்த குரல். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. தம்பி கத்தலைக் கேட்டவன் மாதிரி பின்வாங்கினான்.

“சரி சரி. இதோ.” அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தான். “நாலு கலர்ல லைட் எரியும். போன வாரம் வந்தது.”

“ஃபேன் எவ்வளவு அகலம்?”

“ஒம்பது சென்டிமீட்டர்.”

“பறந்து பறந்து சுத்துமே. லைட்டு எதுக்கு? பார்வையில்லாத பசங்களுக்கா?”

“அப்போ உயர மாடல்தான் வேணும். அது ஒண்ணுதான் இருந்துச்சு, சார் வாங்கிட்டாரு. திங்கக்கிழமை வரும்.”

“எனக்கு வெள்ளிக்கிழமையோட வேலை போயிடும்.”

“நான் வேணா திங்கக்கிழமை...” என்று கண்ணாடிக்காரர் உயர மாடல் டப்பாவை நீட்டினார்.

“நீங்க உங்க பொண்ணுக்குக் கொண்டு போங்க சார். உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல,” என்றாள் அக்கா.

அப்போதுதான் கவனித்தாள். மேசைமேல் தம்பியின் சொந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஏதோ விளையாட்டு பாதியில் நின்றிருந்தது. அதன் பக்கம் காதைக் கொண்டுபோனாள். மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. கண்ணாடி மூடிக்குள் உயரமாக, பளபளவென்று, ஆறு செம்புக் குழாய்கள்.

“இது யாரோடது?”

“அது என்னோடது.”

“இதைக் கழட்டு.”

“விளையாடாதேக்கா. உன் பெட்டிக்குள்ள இது அடங்காது. மூடி மூடாது.”

“உயரம் எவ்வளவு?”

“பதினஞ்சே முக்கால் இருக்கும்.”

மடித்து வைத்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். “எனக்குப் பதினாறரை இருக்கு.”

“உன் போர்டுல கூலரை மாட்டுற கிளாம்ப் வேற மாதிரி.”

கண்ணாடிக்காரர் தன் டப்பாவைத் திருப்பிப் படித்தார். “ரெண்டு மாதிரி போர்டுக்கும் கிளாம்ப் உள்ளேயே இருக்குன்னு இதுல போட்டிருக்கே, தம்பி.”

“சார், நீங்க வேற,” என்றான் தம்பி.

கழற்றினான். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் கழற்றினான். அக்காவின் பெட்டியிலிருந்த குட்டியை எடுத்தபோது, சூட்டைக் கடத்த அடியில் பூசியிருந்த பசை காய்ந்து பல்பொடி மாதிரி உதிர்ந்தது.

“இந்தப் பசையும் அந்தப் பெட்டியிலேர்ந்துதானா?” என்றாள்.

அவன் பழைய பசையைத் துடைத்தெடுத்தான். புதுக்குழாயைப் பிதுக்கிப் பட்டாணி அளவு பசை வைத்தான். உயரக் கூலரை மேலே பதித்து நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினான். அக்கா ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். எதுவும் ஆடவில்லை. மூடி மூடியது.

“பில் போடு,” என்றாள்.

“உன்கிட்ட நான் என்னைக்குக்கா பில் போட்டேன்?”

“அதான் வினை. போடு. அக்கான்னு எழுதாதே, என் பேரை எழுது. நாளைக்கு ரிப்பேர்னா கஸ்டமரா வந்து நிக்கணும்.”

எழுதினான். அவள் அந்த மஞ்சளித்த குட்டியை எடுத்து அவனுடைய திறந்த கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“திங்கக்கிழமை வரைக்கும் இதைப் போட்டுக்கோ. எல்லாம் ஓடுற சாமான்தானே.”

அன்று சாயங்காலமே ஒன்பதாம் பாடத்தைப் புதிதாக வாசித்து அனுப்பினாள். மறுநாள் காலை எடிட்டர் அம்மா அழைத்தார்.

“காத்து சுத்தமாப் போயிடுச்சு. இவ்வளவு சுத்தமா யாருமே அனுப்பினதில்ல. மீதிப் பாடம் எல்லாம் உங்களுக்குத்தான், சொல்லிட்டேன்.”

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணு மட்டும் கேக்கலாமா?” என்றார் எடிட்டர் அம்மா. “யார் மேலயாவது கோபமா இருந்தீங்களா? ‘நோயாளியின் முழங்காலை மெதுவாக மடக்கவும்’ங்கிறீங்க, கேட்டா எனக்கே முழங்கால் பயப்படுது.”

“இத்தனை நாள் இரைச்சல்ல அது கேட்டிருக்காது.”

“அந்த ஒரு பக்கத்தை மட்டும் திரும்ப வாசிச்சிடுங்க.”

வாசித்தாள். ‘மெதுவாக’ என்ற சொல்லை மட்டும் நான்கு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. நாலாவது தடவை முடிக்கும்போது போன் அடித்தது. தம்பி. எடுத்ததும் காதில் ஒரு சூறைக்காற்று.

“என்னடா சொல்றே? ஒண்ணும் கேக்கல.”

“...சொல்றேன்ல... இந்தச் சனியன் கத்துதுக்கா, கடையில கஸ்டமர் நிக்க மாட்டேங்கிறான்...”

“ஃபேன்னா சத்தம் வரத்தான் செய்யும்.”

“போதும்க்கா. இன்னும் கோபம் போகலையா உனக்கு?”

“இல்ல,” என்றாள். “அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டியா?”

எதிர்ப்பக்கம் காற்று மட்டும் கேட்டது.

“போட்டதும் கூப்பிடு,” என்று வைத்துவிட்டுப் பத்தாம் பாடத்தைத் திறந்தாள்.