கன்னத்தில் கோடு விழுந்த காசு

நாங்கள் பல் கட்டுகிறவர்கள். பல் டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். எங்கள் முன்னறையில் அது பல்லாகும். வடிவம் கொடுப்பது நான், மெருகேற்றுவது என் வீட்டுக்காரர். "கண்ணை ஏமாத்திடலாம், நாக்கை ஏமாத்த முடியாது" என்று தினமும் ஓதுவார். மயிரிழை மேடு இருந்தாலும் தேய்க்காமல் விடமாட்டார்.

அந்த மாதம், பீங்கான் பல்லைச் சுடுகிற ஃபர்னஸ் உயிரை விட்டது. ரிப்பேர்காரர் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். டாக்டர் நல்லவர்தான். ஆனாலும், "மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கறேன்மா. அப்புறம் நான் வேற இடம்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். அவரை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

அப்போதுதான் ரொட்டிக் கடைச் சில்லறையில் அந்தக் காசு வந்தது. மூன்று வருடம் முன்னால் அடித்தது. அதிலிருந்த தலையின் கன்னத்தில், குறுக்கே மேடாக ஒரு கோடு. கடைத்தெருவில் சேகரிப்புக் காசுகள் வாங்கி விற்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

"எத்தனை வருஷம் பழசுங்கறது கணக்கே இல்லம்மா. எத்தனை பேர்கிட்ட இருக்கு, எப்படி இருக்கு, அதான் கணக்கு. இந்தக் கோட்டை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. அப்படியே கொண்டு வாங்க" என்று ஒரு தொகை சொன்னார். புது ஃபர்னஸே வாங்கலாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இதை வித்தா ஃபர்னஸ் வந்துடும்!" என்று கத்திவிட்டு, காசை வேலை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் காசு பளபளவென்று மின்னுகிறது. கோட்டைக் காணோம்.

"விக்கப் போற பொருளாச்சே. விரல்ல மேடு தட்டிச்சு, எடுத்துட்டேன்" என்றார், பெருமையாக.

குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்கு பிய்த்துத்தான் போடும். இவர் மெருகேற்றியல்லவா வைத்திருந்தார்! அந்தக் கோட்டுக்குத்தான் விலை என்று நானும் சொல்லித் தொலைக்கவில்லை. அதை நினைக்க இன்னும் எரிச்சல் வந்தது. அன்று வாயை மூடியவள், அவரோடு பேசவேயில்லை.

இருவருமாகத்தான் காசைக் கொண்டுபோனோம். காசுக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "இப்ப இதுக்கு ஒரு ரொட்டிதான் கிடைக்கும். ஆனா ஒண்ணு. காசு அடிக்கிற அச்சுல விரிசல் விட்டா, அதுல அடிச்ச எல்லாத்துலயும் இந்தக் கோடு விழும். காசு அடிக்கிறவங்க கவனிச்சு அச்சை மாத்தறதுக்குள்ள கொஞ்சம் வெளியே போயிருக்கும். ஒரே மூட்டையில வந்திருந்தா, உங்க பக்கத்துலயே சுத்திக்கிட்டிருக்கலாம். தேடிப் பாருங்க."

தேடினோம். நோட்டுகளைக் கொடுத்து ரொட்டிக் கடைச் சில்லறையைத் தட்டுத் தட்டாக மாற்றிக்கொண்டு வந்தேன். கூப்பிடாமலே என் வீட்டுக்காரரும் எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் லென்ஸும் கையுமாகக் கண் பூத்துக் கிடந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு காசாக விரல் நுனியால் தடவினார். நான் பார்த்து ஒதுக்கிய தட்டிலிருந்தே ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். அழுக்குக்கு அடியில் கோடு! பத்து நாளில் நாலு கிடைத்தது. மூன்று அவர் எடுத்தது. என் கோபம் பாதி இறங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்வேனா?

பதினோராம் நாள் மறுபடி இருவருமாகப் போனோம். காசுக்காரர் முன்னால் ஒன்றை மட்டும் வைத்தேன். மற்ற மூன்றும் என் பையில். அவர் முகம் மலர்ந்தது. "அருமையா இருக்கு. நான் சொன்ன விலையே தரேன். இது ஒண்ணுதானே?"

'ஆமாம்' என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"நாலு இருக்குங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த இடத்திலேயே அவரைக் கடித்துக் குதறியிருப்பேன்.

காசுக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப ஒண்ணுக்கு, நான் சொன்ன விலையில மூணுல ஒரு பங்குதான். ரெண்டை மட்டும் எடுத்துக்கறேன். நாலையும் ஒரே நேரத்துல இறக்கினா யாரும் மதிக்க மாட்டாங்க. மிச்சம் ரெண்டையும் துடைக்காம பத்திரமா வையுங்க. வேற யார்கிட்டயும் இது மாதிரி கிளம்பலேன்னா ரெண்டு வருஷம் கழிச்சு நல்ல விலை வரும்." பணத்தை எண்ணியபடியே, "ஒண்ணுதான்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். மிச்சம் வெளியே வந்ததும், என்கிட்ட வாங்கினவர்கிட்ட என் பேரு கெட்டிருக்கும். அதுக்கப்புறம் உங்ககிட்ட எதுவுமே வாங்கியிருக்க மாட்டேன்" என்றார்.

எனக்கு உடம்பு கூசியது. கையில் வந்த பணம் புது ஃபர்னஸுக்குப் போதாது. ஓடுகிற நிலையில் இருக்கிற பழையது ஒன்றுக்குத் தாராளமாகப் போதும்.

தெருவுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, வசவுக்குத் தயாராக நின்றார். பதினோரு நாளாகச் சேர்த்து வைத்த வசவு என்னிடம் நிறையவே இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது அத்தனையும் மறந்துவிட்டது. இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது மட்டும் நினைவில் நின்றது.

"டாக்டருக்குப் போன் போடுங்க" என்றேன். "வேற இடம் பாக்க வேண்டாம்னு சொல்லுங்க."