பம்பரில் விழுந்த பிறை

காந்திமதிநாதன் காரைத் துடைக்கும்போது வேட்டியை மடித்துக் கட்டுவதில்லை. மடித்துக் கட்டினால் பார்க்கிறவர்களுக்கு வேலை செய்வதுபோலத் தெரிந்துவிடும். வேட்டி தரையில் புரள, மஞ்சள் துணியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மூலவருக்கு எண்ணெய்க்காப்பு செய்கிற தோரணையில்தான் துடைப்பார். அன்று காலை அந்தத் தோரணை பாதியிலேயே நின்றுபோனது. முன் பம்பரில், நம்பர் பிளேட்டுக்குச் சற்று மேலே, கறுப்புப் பெயிண்டில் வெள்ளையாக ஒரு கீறல், மூன்றாம் பிறைபோல வளைந்திருந்தது. அதற்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் பட்டையிலும் அதே வளைவு சொரசொரவென்று கையில் தட்டியது.

"வடிவு! ஏளா வடிவு, இங்கன வா!"

வடிவம்மாள் தோசைக்கரண்டியோடு ஓடிவந்தாள். "என்ன, பாம்பா?"

"பாம்புன்னா அடிச்சிருப்பேன்லா. இதப் பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். "கோடு."

"கோடா? கொலைளா இது!"

"செத்தது யாருன்னு சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க, தோசை கருகுது" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு என்ன, அவள் பொருநை நகர் நலச்சங்கத்தின் தலைவராகவா இருக்கிறாள்? அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற நாளிலிருந்து, கண்காணிக்க ஆள் இல்லாமல் தவித்த காந்திமதிநாதனுக்குத் தெருவே அலுவலகம் ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் கார் வந்து சேர்ந்தது. கார் அவருடையது அல்ல. கப்பலில் இன்ஜினியராக இருக்கும் மருமகன் ஞானசம்பந்தனுடையது. கப்பலேறப் போகும்போது சாவியை மாமனார் கையில் கொடுத்து, "வாரத்துக்கு ஒருக்க ஸ்டார்ட் பண்ணி வச்சாப் போதும் மாமா. கீறல் மட்டும் விழாமப் பாத்துக்கிடுங்க. கஷ்டமா இருந்தாச் சொல்லிருங்க. ஸ்ரீவைகுண்டத்துல எங்க அப்பா ஷெட்டுப் போட்டுட்டுக் காத்துக்கிட்டு இருக்காரு" என்று சொல்லியிருந்தான்.

இதெல்லாம் தெருவுக்குத் தெரியாது. "கார் எடுத்தாச்சோ?" என்று கேட்டவர்களுக்குத் தலைவர் ஒரு புன்னகையைத் தந்தார். அந்தப் புன்னகையைத் தெரு எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஆக, கார் ஸ்ரீவைகுண்டத்துக்குப் போனால் காரோடு அந்தப் புன்னகையும் போய்விடும்.

இவ்வளவுக்கும் அவர் காவலில் குறை வைக்கவில்லை. கார் வந்த வாரமே திருச்செந்தூர் போய், கறுப்புக் கயிற்றில் சங்கும் படிகாரமும் குதிரை லாடமும் கோத்த திருஷ்டிச் சரம் ஒன்றை வாங்கிவந்து, நாலு பேர் பார்க்க முன்பக்கக் கிரில்லில் கட்டித் தொங்கவிட்டார். அந்தச் சரத்தையும் மீறி ஒரு கண் பட்டிருக்கிறது என்றால், அது சாதாரணக் கண்ணாக இருக்க முடியாது. இப்போது அந்தச் சரத்தைப் பைய ஒதுக்கிவிட்டுக் கீறலை மறுபடி பார்த்தார். பார்வை தானாக எதிர்வீட்டுக்குப் போனது.

எதிர்வீட்டில் கொம்பையா இருந்தார். விக்கிரமசிங்கபுரம் மில்லில் நூல் நூற்று ஓய்வுபெற்று, மகன் வீட்டோடு வந்துவிட்டவர். மில் காலத்துச் சைக்கிள் ஒன்றும் கூடவே வந்திருந்தது. கார் வந்த அன்று தெருவே திரண்டு வந்து மெச்சியபோது, கொம்பையா மட்டும் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெருசுதான்" என்று சொல்லிப் போய்விட்டார். அந்த ஒரே சொல்லைக் காந்திமதிநாதன் அன்றிலிருந்து மனதுக்குள் கோப்புப் போட்டு வைத்திருந்தார்.

முதலில் கை வைத்தியம் நடந்தது. செல்போனில் யாரோ ஒருவர் பற்பசை தேய்த்தால் கீறல் போய்விடும் என்று சத்தியம் செய்ததை நம்பி, குழாய் முழுவதையும் பம்பரில் பிதுக்கித் தேய்த்தார். காருக்குக் கிராம்பு வாசனை வந்தது. கீறல் பளிச்சென்று பல் விளக்கியதுபோல முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. பிளாஸ்டிக் பட்டைக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார். அரைமணி நேரம் அது கன்னங்கரேலென்று மின்னியது. அப்புறம் தெருப் புழுதி மொத்தமும் அங்கே குடியேறியது.

வேறு வழியில்லாமல் மேலப்பாளையத்தில் பெயிண்டிங் கடை வைத்திருக்கும் இர்ஷாத்திடம் போனார். போகுமுன் சரத்தை அவிழ்த்துப் பூஜை அறையில் வைத்துவிட்டார். தெய்வக் காரியத்துக்கான பொருள் கிரீஸ் பட்ட இடத்துக்குப் போகக்கூடாது.

இர்ஷாத் கீறலின் மேல் விரல்நகத்தை ஓட்டினான். கண்ணை மூடிக்கொண்டான். கடைக்கு வருகிற கீறல்களுக்கெல்லாம் அவன் ஜாதகம் சொல்லுவது வழக்கம்.

"நகம் தட்டுது அண்ணாச்சி. மேல்பூச்சத் தாண்டி உள்ள இறங்கிட்டு."

"எப்படித் தம்பி விழுந்திருக்கும்?"

"இது விழுந்தது இல்ல, போட்டது. இரும்பு. ஆளு குத்தவச்சு உக்காந்துதான் போட்டிருக்கான். வளைவப் பாத்தா வலக்கைக்காரன். ஆத்திரத்துல செஞ்சா நேர்கோடா இருக்கும். இவன் நிதானமா, ரசிச்சுச் செஞ்சிருக்கான்."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் தனக்கு இப்படி ஒரு துப்பறிவாளன் கீழே வேலை பார்த்ததில்லையே என்று காந்திமதிநாதன் ஏங்கினார்.

இர்ஷாத் தண்ணீர் தெளித்து உப்புத்தாளால் தேய்த்து, நிறம் கலந்து தொட்டுவைத்து, மேல்பூச்சு அடித்து, காய்ந்ததும் பாலீஷ் போட்டான். சூட்டுக்காற்று அடிக்கும் துப்பாக்கியைப் பிளாஸ்டிக் பட்டைமேல் பிடித்தபோது, வெளுத்துக் கிடந்த இடமெல்லாம் கறுப்பு ஊறி வந்தது. கார் புத்தம்புதிதாக வீடு திரும்பியது. சரமும் பூஜை அறையிலிருந்து கிரில்லுக்குத் திரும்பியது. எதற்கும் இருக்கட்டும் என்று, நிஜக் குதிரையின் காலிலிருந்து கழற்றிய பெரிய லாடம் ஒன்றைச் சொல்லிவைத்து வாங்கி, கடைக்கார லாடத்துக்குக் கீழே கட்டினார்.

அடுத்து வலக்கைக்காரனைப் பிடிக்கவேண்டும். சங்கக் கூட்டத்தைக் கூட்டி எல்லாருக்கும் தேநீர் கொடுத்தார். அந்தச் சங்கத்தில் தேநீர் கொடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை. ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கொம்பையா டம்ளரை இடதுகையால் வாங்கினார். பிஸ்கட்டையும் இடதுகையால் எடுத்தார். காந்திமதிநாதனுக்கு ஒரு கணம் முகம் தொங்கிப்போனது. மறுகணமே தெளிந்தது. இடக்கைக்காரன் வேண்டுமென்றே வலக்கையால் கீறினால் யார் சந்தேகப்படுவார்கள்? அடேயப்பா, மில்லுக்காரன் மூளை!

எழுந்து தொண்டையைச் செருமினார். "நம்ம தெருவிலே சமீப காலமாக ஒரு தீய சக்தி நடமாடுகிறது. அடுத்தவர் உயர்வைப் பொறுக்காத அந்தச் சக்தி யார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்."

"பேரச் சொல்லிருங்க அண்ணாச்சி" என்றார் கொம்பையா. "ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துப் பாத்து எங்களுக்குக் கழுத்து வலிக்கு."

கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை.

"அப்புறம் அண்ணாச்சி, ஒங்க கார்ல இருந்து ஒரு சத்தம்..." என்று கொம்பையா மறுபடி தொடங்கினார்.

"அது இன்னைக்கு விவாதப் பொருள் இல்லவே. அடுத்த கூட்டத்துல எழுதிக் குடும்."

"எழுதிக் குடுக்க எனக்கு என்ன தெரியும்? டொக்கு டொக்குன்னு..."

"கூட்டம் முடிஞ்சது" என்று தலைவர் அறிவித்தார்.

ஆடி பிறந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் காற்று மட்டும் இந்தப் பக்கம் இறங்கி வந்தது. காயப்போட்ட துணிகள் தெருத் தாண்டிப் போயின. மேற்குப் பார்த்து நிறுத்தியிருந்த காரின் முகத்தில் காற்று அறைந்தது. ஒரு காலையில் பம்பரில் மறுபடியும் பிறை முளைத்திருந்தது. முந்தியதைவிடப் பெரிது, ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து. அதே வளைவு.

இர்ஷாத் மறுபடியும் கண்ணை மூடினான். "அதே ஆளுதான் அண்ணாச்சி. கை நல்லாத் தேறியிருக்கு."

மறுபடியும் தேய்ப்பு, மறுபடியும் பூச்சு. கார் வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் மகள் போன் செய்தாள். மாப்பிள்ளை கப்பலை விட்டு இறங்கியாயிற்று. நாளை, வெள்ளிக்கிழமை, பெங்களூரிலிருந்து நேரே இங்கே பாளையங்கோட்டைக்குத்தான் வருகிறார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காந்திமதிநாதன் தூங்கவில்லை. வழக்கமாகச் சாப்பிட்டதும் பின்கட்டில் ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால், இடி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. இன்று முன்னறை ஜன்னல் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை வருகிற வரைக்கும் பம்பரை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்று தீர்மானம். திரையில் பாதி காற்றில் எழும்பி அவர் முகத்தை மூடிக்கொண்டே இருந்தது. டொக்கென்று சத்தம் வந்தபோதெல்லாம் ஜன்னல் கதவு அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"பஸ்ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டியாரலாம்லா?" என்றாள் வடிவம்மாள்.

"நான் அங்கன போனா இங்கன கீறுவான்."

எதிர்வீட்டுக் கேட் கிரீச்சிட்டது. கொம்பையா வெளியே வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கொம்பையா தெருவைக் கடந்து வந்து, திறந்திருந்த கேட்டுக்குள் நுழைந்து, காருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். கையை நீட்டினார். வலதுகை!

"அடப் பாவி, வலக்கைலா!" என்று கத்திக்கொண்டு காந்திமதிநாதன் பாய்ந்தார். ஸ்டூல் ஒருபுறமும் திரை ஒருபுறமும் விழுந்தன. "எல்லாரும் வாங்க! கையும் களவுமாப் பிடிச்சாச்சு!"

ஆடிக்காற்றுக்குச் சாத்திக் கிடந்த கதவுகள் திறந்தன. அதேநேரம் தெருமுனையில் ஒரு ஆட்டோ வந்து நின்று, பெட்டியோடு ஞானசம்பந்தன் இறங்கினான். தெருவே தன் கார் முன்னால் கூடி நிற்பதைப் பார்த்து, வரவேற்பு கொஞ்சம் அதிகமோ என்று தயங்கித் தயங்கி வந்தான்.

"பாருங்க மாப்ளே! இந்த ஆளுதான். உங்க... நம்ம காரக் கீறின ஆளு!"

கொம்பையா எழுந்திருக்கவில்லை. குதிரை லாடத்தைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"நான் எங்க அண்ணாச்சி கீறினேன்? அன்னைக்குக் கூட்டத்துலயே சொல்ல வந்தேன், ஆடி பொறந்ததுல இருந்து ஒரு மத்தியானம் கண்ண மூட முடியல. டொக்கு டொக்குன்னு. மில்லு ஓடுத சத்தத்துல தூங்கினவன் நான், இதுல தூங்க முடியல. இத ஒரு நிமிசம் பிடிச்சு நிப்பாட்டலாம்னுதான் வந்தேன்."

"என்னவே கதை விடுதீரு? முதல்ல சரத்துல இருந்து கைய எடும்!"

"எடுக்கேன் அண்ணாச்சி, ஆனா..."

"எடும்னா எடும்வே!"

கொம்பையா கையை எடுத்தார்.

மேற்கிலிருந்து ஒரு வீச்சுக் காற்று வந்தது. சரம் எழும்பியது. பெரிய லாடம் ஊஞ்சல் போலப் போய்வந்து பம்பரில் டொக்கென்று மோதி, சர்ரென்று ஒரு பக்கமாக இழுத்து, இர்ஷாத் போட்ட புதுப் பூச்சின்மேல் வெள்ளையாக ஒரு பிறையை வரைந்தது. நிதானமாக, ரசித்து வரைந்தது. லாடம் திரும்பிவந்து, விட்டுப்போன பிளாஸ்டிக் பட்டையையும் ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனது.

காந்திமதிநாதனின் வாய் திறந்தது. "பாத்தீங்களா, அவரு கை பட்ட உடனே..." என்று தொடங்கினார். அதற்குள் லாடம் இன்னொரு பிறையைப் போட்டு அவர் வாயை அடைத்தது.

வடிவம்மாள் வாசல்படியில் நின்று, "கொலகாரனக் கட்டித் தொங்கவிட்டது நீங்கதான" என்றாள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அப்புறம் யார் சிரிக்கவில்லை என்பதும் தெரியவில்லை.

ஞானசம்பந்தன் மட்டும் சிரிக்காமல், குனிந்து கயிற்றின் முடிச்சை அவிழ்த்தான். சரத்தை மதிலின் மேல் வைத்தான். பிறகு மாமனாரின் தோளைத் தொட்டு, வெகு மரியாதையாகக் கேட்டான்:

"சாவி உள்ளயா இருக்கு மாமா?"

சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ, கார் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிளம்பிப் போனது. தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளை ஸ்டீயரிங்கில் உட்கார்ந்த விதத்திலேயே கார் யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

கார் நின்ற இடத்தில் எண்ணெய்த் திட்டு ஒன்று மிச்சமிருந்தது. மஞ்சள் துணியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் காந்திமதிநாதன் நின்றார். கேட்டுக்கு வெளியே நின்ற கொம்பையா, மதிலின் மேலிருந்த சரத்தைக் காட்டினார்.

"இத என்ன செய்யப் போறீங்க அண்ணாச்சி?"

"கேட்டுல கட்டணும். இந்தத் தெருவுல கண்ணு சரியில்லவே."

கொம்பையா கேட்டுக்குப் பூசியிருந்த பச்சைப் பெயிண்டை ஒரு பார்வை பார்த்தார். தன் வீட்டு ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார். ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் தெருவைக் கடந்து போனார்.

காந்திமதிநாதன் சரத்தைக் கேட்டில் கட்டினார். காற்று வந்தது. டொக். எதிர்வீட்டு ஜன்னல் அவசரமாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. அவர் கொஞ்ச நேரம் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்கம்பக்கம் யாரும் பார்க்கவில்லையே என்று உறுதிசெய்துகொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்து, மஞ்சள் துணியை இரண்டாகக் கிழித்து லாடத்தைச் சுற்றி வரிந்து வரிந்து கட்டினார்.

அடுத்த காற்றுக்குச் சத்தம் வரவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது.

"துணியச் சுத்திட்டா லாடம் தெருக்காரங்க கண்ணத் தடுக்குமா அண்ணாச்சி?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"தூங்கும்வே" என்றார் தலைவர்.